எடை கூடும்போது கூடுவது எது? நடுவயதுப் பெண்களின் தசையும் கொழுப்பும்

உடற்பயிற்சி தொடங்கிய நடுவயதுப் பெண்ணுக்குச் சில மாதங்களில் ஓரிரு கிலோ எடை கூடினால், அது தசையாகவும் இருக்கலாம், கொழுப்பாகவும் இருக்கலாம், உடலில் தங்கிய நீராகவும் இருக்கலாம். எடைக்கருவி மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு விதமாகத் தவறு நேர்கிறது. தசை வளரத் தொடங்கிய நேரத்தில் எடை ஏறியதைப் பார்த்து மனம் விட்டுப் பயிற்சியை நிறுத்துவது ஒன்று. வயிற்றில் கொழுப்பு சேர்வதைத் தசை என்று எண்ணித் தேற்றிக்கொள்வது இன்னொன்று. தூத்துக்குடியில் தருவை மைதானத்திலும் ரோச் பூங்காவிலும் விடியலில் நடப்பவர்களுக்கும், அண்மைக்காலமாக ஜிம்முக்குப் போகத் தொடங்கியிருக்கும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களுக்கும் இக்கேள்வி ஒன்றுதான். இதற்கு விடை காண விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆனால் அளவுகளை முறையாக எடுக்கவும், சில மாதங்கள் பொறுத்திருக்கவும் வேண்டும்.

கேள்வி நடுவயதில் கூர்மையாவதற்குக் காரணம், மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடலின் உள்ளமைப்பே மாறுவதுதான். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ‘ஸ்வான்’ என்னும் நீண்டகால ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதில் பங்கேற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் உடலமைப்பை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடைசி மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் முன்பிருந்து கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பானது. அதே காலத்தில் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற நிறை குறையத் தொடங்கியது. கடைசி மாதவிடாய்க்கு இரண்டு ஆண்டுகள் பின்வரை இது தொடர்ந்து, பிறகு தணிந்தது. ஆனால் எடை மட்டும் அதுவரை ஏறிவந்த அதே சீரில்தான் ஏறியது. இந்த மாற்றக் காலத்தில் அதன் போக்கில் தனித் திருப்பம் எதுவும் தெரியவில்லை. உள்ளே ஒன்று கூடி மற்றொன்று குறைந்ததால், வெளியே எண்ணில் அது புலப்படவில்லை. ஆகவே எடை கூடியதா என்பதைவிட, அந்த எடைக்குள் என்ன நடந்தது என்பதே முதலில் கேட்க வேண்டியது.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46 அளவில்தான் இருக்கிறது. மேலை நாடுகளில் அது 51ஐ ஒட்டியது. மாற்றம் இங்கே நாற்பதுகளின் நடுவிலேயே வந்துவிடுகிறது என்பது இதன் பொருள். இதனுடன் தெற்காசிய உடலமைப்பின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் குறிக்கும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் தசை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருக்க முடியும் என்பதை அந்த ஒரே படம் உலகுக்கு உணர்த்தியது. இந்திய வல்லுநர்கள் 2009இல் பி.எம்.ஐ. 23ஐ அதிக எடையின் தொடக்கமாகவும் 25ஐ உடல்பருமனின் தொடக்கமாகவும் வகுத்ததற்கும், பெண்களின் இடுப்புச் சுற்றளவுக்கு 80 செ.மீ. என்ற எல்லையை வைத்ததற்கும் இந்த வேறுபாடே அடிப்படை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரின் பி.எம்.ஐ. 25ஐ எட்டியோ தாண்டியோ இருந்தது. அகில இந்திய அளவு 24 விழுக்காடு.

தசையையும் கொழுப்பையும் பிரித்தறியும் அறிவியல் முறை கடலோடு உறவுடையது. முத்துக்குளித்துறைக்கு இது அயலான செய்தி அன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் காலை ஊன்றிக்கொண்டு இறங்கினார்கள். நுரையீரல் நிறையக் காற்றை இழுத்த உடல் தானாக மூழ்காது. காற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், உடல் மிதப்பதும் மூழ்குவதும் அதில் கொழுப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராம், தசையின் அடர்த்தி 1.06 கிராம், கடல்நீருடையது இரண்டுக்கும் இடையே 1.02 அளவில். அமெரிக்கக் கடற்படையில் ஆழ்கடல் மூழ்குவோரின் உடல்நலத்தை ஆராய்ந்த மருத்துவர் ஆல்பர்ட் பெங்கே இதை அளவீட்டு முறையாக்கினார். 1942இல் அவரும் உடன் ஆய்வாளரும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரை நீருக்குள் எடைபோட்டுப் பார்த்தார்கள். அவர்களில் 17 பேர் எடை அட்டவணைப்படி படையில் சேரத் தகுதியற்றவர்கள். நீருக்குள் எடைபோட்டபோதோ, அவர்களின் மிகை எடை தசை என்று தெரியவந்தது. எடை வேறு, கொழுப்பு வேறு என்பது அன்றே அறுதியாக நிறுவப்பட்டுவிட்டது.

கொழுப்பைவிடத் தசை கனம் என்று பரவலாகச் சொல்வதை இந்த எண்களை வைத்து அளந்து பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்பு 1.1 லிட்டர் இடத்தை அடைத்தால், ஒரு கிலோ தசை 0.94 லிட்டரை அடைக்கும். இரண்டு கிலோ கொழுப்பு போய் இரண்டு கிலோ தசை வந்தாலும், உடலின் மொத்தக் கன அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் குறையும், அவ்வளவே. எடை மாறாமலே உடைகள் தளர்வதற்கு அடர்த்தியைவிட இடமே பெரிய காரணம்: கொழுப்பு வயிற்றிலிருந்து இறங்குகிறது, தசை தொடையிலும் பிட்டத்திலும் தோளிலும் ஏறுகிறது. அதனால்தான் எங்கே அளக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

அடுத்து, தசை எவ்வளவுதான் கூடும் என்பதைத் தெரிந்துகொள்வது பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ஐம்பது வயதைக் கடந்தோர் எடை தூக்கிப் பயிற்சி செய்த 49 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கட்டுரை ஒன்று, ஏறக்குறைய 20 வாரப் பயிற்சியில் கொழுப்பற்ற நிறை சராசரியாக 1.1 கிலோ கூடியதாகக் கணக்கிட்டது. அதில் ஆண்களும் உண்டு. ஆகவே ஐந்து மாதம் ஒழுங்காகப் பளு தூக்கிய பெண்ணுக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ தசை கூடியது என்றால் நம்பலாம். ஒரே மாதத்தில் மூன்று கிலோ கூடியதற்குத் தசையைக் காரணம் காட்ட முடியாது. நடைப்பயிற்சி மட்டுமே செய்பவர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடை இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மிக நல்லது. ஆனால் ஏற்கெனவே நடந்து பழகிய காலில் அது தசையைக் குறிப்பிடத்தக்க அளவில் வளர்ப்பதில்லை. நடக்கத் தொடங்கி ஆறு மாதத்தில் நான்கு கிலோ ஏறினால், அதன் பெரும்பகுதி கொழுப்பு என்றே கொள்ள வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள பெண் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாகும் ஆற்றல் சுமார் 200 கிலோகலோரி. வீடு திரும்பும் வழியில் ஒரு புரோட்டா சாப்பிட்டாலே அது ஈடாகிவிடும்.

தசை வளர, அது பழகிய சுமையைவிடக் கூடுதல் சுமை வேண்டும். அச்சுமையும் படிப்படியாக ஏற வேண்டும். இந்த விதியை இக்கடற்கரையின் உழைக்கும் பெண்களிடம் பொருத்திப் பார்ப்பது தகும். உப்பளங்களில் விடியுமுன் வேலை தொடங்கி, நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரி, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். வடக்கே மன்னார் வளைகுடாவின் இராமநாதபுரம் கரையில், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும் பெண்களில் பலர் நடுவயதைத் தாண்டியவர்கள். இவர்களுக்கு உடலுழைப்புக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே சுமையை ஒரே விதமாக ஆண்டுக்கணக்கில் சுமக்கும் உடல், ஒரு கட்டத்துக்குப் பின் தசையைக் கூட்டுவதில்லை, இருப்பதைக் காத்துக்கொள்கிறது. அதற்கும் போதிய உணவும் ஓய்வும் வேண்டும். வெயிலில் நீரிழந்து, சோறும் குழம்புமாக வயிற்றை நிரப்பி, தூக்கம் குறைந்து வாழும் உடலில் தசை தேயவும் இடமுண்டு. “நாள் முழுக்க வேலை செய்கிறாயே, உனக்கு எதற்குப் பயிற்சி” என்று இவர்களிடம் சொல்வது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

நாளுக்கு நாள் காணும் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு நீருடையது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. உப்பளத்தில் ஒரு காலைப் பொழுதில் வியர்வையாகப் போவதே எடைக்கருவியில் தெளிவாகத் தெரியும். நீர் குடித்ததும் அது திரும்பிவிடும். முந்தின இரவு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால், அதன் உப்பு பிடித்துவைக்கும் நீரால் மறுநாள் காலை எடை கூடுதலாகக் காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் இப்படியே. பயிற்சியின் தொடக்க வாரங்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பழக்கமில்லாத பளுவால் தசைநார்களில் உண்டாகும் நுண்ணிய சிதைவும் வீக்கமும் நீரைத் தேக்கும். மேலும், பயிற்சி பெறும் தசை கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமிக்கும். அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் தங்கும். கிரியேட்டின் மாவு எடுத்துக்கொள்வோருக்கும் முதல் வாரத்தில் நீர் எடை கூடும். முதல் மூன்று, நான்கு வாரங்களில் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் இந்த நீர்தான். அதைத் தசை என்று மகிழவும் வேண்டாம், கொழுப்பு என்று கலங்கவும் வேண்டாம்.

கருவிகள் இச்சிக்கலை முழுதாகத் தீர்ப்பதில்லை. ஜிம்களிலும் இப்போது பல வீடுகளிலும் உள்ள கொழுப்புக் காட்டும் எடைக்கருவி, மெல்லிய மின்னோட்டத்தை உடலுக்குள் செலுத்தி, அது சந்திக்கும் தடையை அளக்கிறது. நீரும் உப்பும் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் பாயும், கொழுப்பில் தடைபடும். மீதி எல்லாம் வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்துச் சூத்திரம் போடும் ஊகம். இரண்டு பாதங்கள் மட்டும் படும் கருவியில் மின்னோட்டம் பெரும்பாலும் கால்கள் வழியே போய்த் திரும்புவதால், நடுவயதில் எங்கே கொழுப்பு சேருகிறதோ அந்த வயிற்றைப் பற்றி அதற்கு அதிகம் தெரியாது. வியர்த்து வந்து நின்றால் ஒரு எண், நீர் குடித்து நின்றால் வேறு எண். ஒரே கருவியில், ஒரே வேளையில், மாதம் ஒருமுறை பார்த்து, பல மாதப் போக்கை மட்டும் கவனித்தால் அதற்குப் பயனுண்டு. எலும்படர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் இதைவிட நம்பகமானது. கொழுப்பு உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு என்றும் காட்டும். ஆனால் அது ‘கொழுப்பற்ற நிறை’ என்று தருவதில் தசையோடு நீரும் உள்ளுறுப்புகளும் அடக்கம். சில மாத இடைவெளியில் அரைக் கிலோ கூடியதாகக் காட்டினால், அது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்புத் தேய்மானம் பார்க்க மருத்துவர் டெக்சா எழுதிக்கொடுத்தால், முழு உடல் அளவையும் சேர்த்துக் கேட்டு வாங்கலாம். தசையை அளப்பதற்கென்றே செலவு செய்ய வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பயன் மிகுந்தது தையல்காரரின் அளவுநாடா. சேலை கட்டும் பெண்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. கால்சட்டை அணிபவருக்கு இடுப்பு இரண்டு அங்குலம் பெருத்தால் பொத்தான் சொல்லிவிடும். பாவாடை நாடாவோ ஒவ்வொரு நாளும் இடுப்புக்கு ஏற்பக் கட்டப்படுவது. அது எதையும் எச்சரிப்பதில்லை. நைட்டியும் அப்படியே. சேலையோடு அணிவதில் அளவெடுத்துத் தைத்தது ரவிக்கை மட்டுமே. அதன் கை இறுகி, உள்தையலைப் பிரித்துவிட நேரும்போதுதான் பலருக்கு மாற்றம் தெரிகிறது. ஆனால் கை இறுகுவது தசையாலும் ஆகலாம், கொழுப்பாலும் ஆகலாம். இடுப்புச் சுற்றளவு அப்படி அன்று. வயிற்றுப் பகுதியில் பயிற்சியால் தசை பெருத்து நான்கு செ.மீ. கூடுவது என்பது இல்லை. அளக்கும் இடம் பாவாடைத் தழும்பு உள்ள இடம் அன்று. விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, துணியின்றி, நின்ற நிலையில், இயல்பாக மூச்சை வெளியே விட்டபின், நாடா தோலை அழுத்தாமல் படும்படி அளக்க வேண்டும். இருமுறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. ஒரு செ.மீ. வேறுபாட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பதும் எளிதில் நினைவில் நிற்கும் அளவுகோல்: 156 செ.மீ. உயரமுள்ளவருக்கு 78 செ.மீ.

எடையையும் இதே ஒழுங்கோடு பார்க்க வேண்டும். காலையில் கழிப்பறை சென்று வந்தபின், எதுவும் உண்ணும்முன், ஒரே மாதிரியான லேசான உடையில், ஒரே கருவியில். சேலையும் பாவாடையும் நகையும் சேர்ந்தாலே ஏறக்குறைய ஒரு கிலோ வந்துவிடும் என்பதால், வீட்டு எடையையும் மருத்துவமனை எடையையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. வாரத்தில் மூன்று நாள் எடுத்துச் சராசரி போட்டு, அதை முந்தைய மாதத்தின் சராசரியோடு ஒப்பிடலாம். மாதவிடாய் இன்னும் வருபவர்கள் சுழற்சியின் அதே நாட்களை ஒப்பிடுவது சரி.

மூன்றாவது சான்று வலிமை. ஆசிய நாடுகளின் தசைத் தேய்வு ஆய்வுக் குழு 2019இல் வகுத்த எல்லைகளின்படி, பெண்ணின் கைப்பிடி வலிமை 18 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ கூடுதலோ ஆனாலோ, தசைத் தேய்வைப் பற்றி யோசிக்க வேண்டும். கெண்டைக்காலின் சுற்றளவு 33 செ.மீ.க்குக் கீழ் இருப்பதும் ஓர் அடையாளம். வீட்டில் பார்க்க நாற்காலிச் சோதனை போதும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து கையூன்றாமல் எழுவதும் நல்ல சோதனையே. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். பயிற்சியின் முதல் ஒன்றிரண்டு மாதங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு, நரம்புகள் ஏற்கெனவே உள்ள தசையைத் திறமையாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. வலிமை கூடியதாலேயே தசை கூடியது என்று ஆகிவிடாது. மாதங்கள் கடந்தும் தூக்கும் சுமை தொடர்ந்து ஏறினால்தான் தசையும் வளர்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

இம்மூன்று அளவுகளும் சேரும்போது விடை தெளிகிறது. எடுத்துக்காட்டாக, 48 வயதுப் பெண் ஒருவர் பளுப் பயிற்சி தொடங்கும்போது 62 கிலோ என்றும், ஆறு மாதம் கழித்து 63.5 கிலோ என்றும் கொள்ளலாம். இடுப்பு 88இலிருந்து 85 செ.மீ. ஆகி, தூக்கும் சுமையும் ஏறியிருந்தால், தசை கூடிக் கொழுப்பு குறைந்திருக்கிறது. இதைவிட நல்ல பலன் வேறில்லை. இடுப்பு 88லேயே நின்று வலிமை கூடியிருந்தால், கூடியதில் பெரும்பகுதி தசையே. இடுப்பு 92 ஆகியிருந்தால், வலிமை கூடியிருந்தாலும் கொழுப்பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பயிற்சியை விடாமல் உணவைப் பார்க்க வேண்டும். எடை 62லேயே நின்று, இடுப்பு ஏறி, நாற்காலியிலிருந்து எழுவது கடினமாகியிருந்தால் அதுவே நான்கிலும் கவலைக்குரியது. “எடை போடவே இல்லை” என்ற திருப்தியில் இது ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது.

உணவில் புரதம் முதன்மையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம். தசை வளர்க்க முயலும் நடுவயதினருக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டும் என்று பல வல்லுநர்கள் கருதுகிறார்கள். மீன் கிடைக்கும் கடற்கரையில் இது எட்டக்கூடியதே: நூறு கிராம் சாளையிலோ அயிலையிலோ சுமார் 20 கிராம் புரதம் உண்டு. வீட்டில் எல்லாரும் உண்டபின் மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிடும் பெண்ணுக்கு அந்த மீன் துண்டு கிடைக்கிறதா என்பதே கேள்வி. தசை கூடினால் ஓய்விலேயே ஏராளமான கலோரி எரியும் என்ற நம்பிக்கை மிகை. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 13 கிலோகலோரி. தசையின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: இரத்தச் சர்க்கரையை உறிஞ்சுவதில், விழாமல் நிற்பதில், எலும்பைக் காப்பதில். ஆஸ்திரேலியாவில் எலும்படர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இருமுறை அரை மணி நேரம், கண்காணிப்போடு, கனமான பளு தூக்கிப் பயிற்சி செய்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியதாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

பயிற்சிக்கும் உணவுக்கும் தொடர்பில்லாமல் எடையோ வயிறோ கூடுவதும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு நடுவயதுப் பெண்களிடம் பரவலானது. இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மூச்சும் வாங்கினால், அது இதயமோ சிறுநீரகமோ தரும் அறிகுறி. கைகால் மெலிந்துகொண்டே வயிறு மட்டும் பெருத்து, சிறிது சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது வாரக்கணக்கில் தொடர்ந்தால், கருப்பை, சினைப்பைக் கட்டிகளைச் சோதிக்க வேண்டும். இவற்றை வாயு என்றும் வயதின் கோளாறு என்றும் தள்ளிப்போடுவது ஆபத்து.

2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடை குறைக்கும் ஊசிமருந்துகள் இதே கேள்வியைத் தலைகீழாக எழுப்புகின்றன: குறைந்த எடையில் எது குறைந்தது? செமாக்ளூடைடு, டிர்செபடைடு சோதனைகளில் இழந்த எடையின் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை கொழுப்பற்ற நிறையாக இருந்தது. மாதவிடாய் நின்ற காலத்தில் ஏற்கெனவே தேயும் தசையிலிருந்துதான் அதுவும் கழிகிறது. இம்மருந்து எடுக்கும் பெண்ணுக்கும் இடுப்பளவு, நாற்காலிச் சோதனை, பளுப் பயிற்சி, புரதம் ஆகிய நான்கையும் மருந்துச் சீட்டோடு சேர்த்தே எழுதிக்கொடுக்க வேண்டும்.